கடல் கடந்த கால்பந்து அணிக்கு யார் உண்மையான ரசிகர்?

1969-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, சனிக்கிழமை. நார்வே நாட்டில் குளிர்காலம் தொடங்கிவிட்டது. அந்தப் பருவத்தில் அங்கே மைதானங்கள் பனியில் உறைந்து கிடக்கும். உள்ளூரில் கால்பந்து ஆட வழியே கிடையாது.

அன்று அந்த நாட்டு டெலிவிஷன் ஒரு புதிய காரியம் செய்தது. இங்கிலாந்தில் உல்வர்ஹாம்டன் நகரில் நடந்த லீக் ஆட்டத்தை, நடக்கும்போதே நேரடியாகக் காட்டியது. உல்வ்ஸ் அணியும் சண்டர்லாந்து அணியும் மோதின. ஒரே ஒரு கோல் விழுந்தது. உல்வ்ஸ் ஜெயித்தது.

ஆட்டம் பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் குளிர்காலச் சனிக்கிழமை தோறும் இங்கிலாந்து லீக் ஆட்டம் நார்வே வீடுகளுக்குள் வரத் தொடங்கியது. பக்கத்து நாடான சுவீடனிலும் அப்படியே. எந்த அணி ஜெயிக்கும் என்று குறித்துப் பணம் கட்டும் சீட்டுகள் அங்கே ஏற்கனவே பிரபலம். அந்தச் சீட்டில் இருந்த ஆட்டங்களில் ஒன்றைத்தான் டெலிவிஷனில் காட்டினார்கள். சீட்டு வாங்கிய அப்பாவோடு சேர்ந்து பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஓர் அணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் அப்போது லீக் ஆட்டங்களை நேரடியாகக் காட்டும் வழக்கமே இல்லை. வீட்டிலேயே பார்த்துவிட்டால் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்று சங்கங்கள் பயந்தன. 1983-ம் ஆண்டில்தான் அங்கே அந்த வழக்கம் வந்தது. அதாவது, ஆட்டம் நடந்த ஊர்க்காரனுக்கு வீட்டில் கிடைக்காத காட்சி, கடலுக்கு அப்பால் இருந்த நார்வேக்காரனுக்குக் கிடைத்தது!

அன்று பார்த்த பிள்ளைகளுக்கு இன்று பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஓர் அணி என்று தலைமுறையாக ஆகிவிட்டது. லிவர்பூல் அணியின் ரசிகர்களுக்கு நார்வேயில் 1980-ம் ஆண்டிலேயே கிளைச் சங்கம் ஏற்பட்டது. சந்தா கட்டுகிறார்கள். பத்திரிகை நடத்துகிறார்கள். விமானம் ஏறிப்போய் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இவர்களை உண்மையான ரசிகர்கள் என்று சொல்லலாமா? அல்லது டெலிவிஷன் பெட்டி உண்டாக்கிய கூட்டம் என்று தள்ளிவிடலாமா? இங்கிலாந்தில் இது இன்றும் ஓயாத சண்டை.

ஊர்க்காரர் சொல்லும் குற்றம்

இங்கிலாந்துச் சங்கங்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத் தாங்கியவை. ஆலைத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், ரெயில்வே தொழிலாளர் ஆகியோர் சேர்ந்து வளர்த்தவை. மான்செஸ்டர் யுனைடெட் சங்கமே 1878-ம் ஆண்டில் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரெயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணிதான். சனிக்கிழமை பாதி நாள் வேலை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போவார்கள். அதனால்தான் ஆட்டம் மூன்று மணிக்கு என்ற வழக்கம் வந்தது.

அப்படித் தாத்தா காலத்திலிருந்து மழையிலும் குளிரிலும் நின்று பார்த்த ஊர்க்காரருக்கு, வெளிநாட்டு ரசிகர் என்றாலே ஓர் இளக்காரம். "ஜெயிக்கிற அணியாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள்" என்பார். "பிளாஸ்டிக் ரசிகர்" என்று பட்டமும் உண்டு.

மைதானத்துக்கு வெளியே ஒருவகை மப்ளர் விற்கிறார்கள். ஒரு பாதி இந்த அணியின் நிறம். மறு பாதி எதிர் அணியின் நிறம். சுற்றிப்பார்க்க வருபவர்கள் நினைவுக்காக வாங்கிக்கொள்வார்கள். ஊர்க்காரருக்கு அதைக் கண்டாலே ஆகாது. இரண்டு வீட்டுக் கல்யாணத்திலும் மொய் எழுதலாம்; களத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியுமா என்பது அவர் கேள்வி.

ஆனால் பிறந்த ஊர்தான் அளவுகோல் என்றால் அதுவும் நிற்காது. லிவர்பூல் சங்கம் 1892-ம் ஆண்டில் தொடங்கியபோது களத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்திலிருந்து கூலி பேசிக் கொண்டுவரப்பட்டவர்கள். "மாக்" என்று தொடங்கும் பெயர்கள் அத்தனை இருந்ததால் "மாக்குகளின் அணி" என்றே அதற்குப் பெயர். அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து இரவுக் கப்பலில் ஏறி லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ஆட்டம் பார்க்கப் போன குடும்பங்கள் ஏராளம். அவர்களை வெளியார் என்று யாரும் துரத்தவில்லை.

அப்படியானால் வேறு அளவுகோல் வேண்டும்.

ஆட்டக்காரரா, அணியா?

பெங்களூர் அல்சூர் பக்கம் கவுதமபுரம் தமிழர் மிகுந்த பகுதி. அங்கே பிரேசில் வீரர் பெலேக்குச் சிலை நிற்கிறது. அந்தப் பகுதிப் பையன்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். "மினி பிரேசில்" என்றே அதற்குப் பெயர். கல்கத்தாவில் 1977-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பெலேயே வந்து ஆடினார். அமெரிக்காவின் காஸ்மாஸ் அணிக்காக ஈடன் தோட்ட மைதானத்தில் இறங்கினார். மோகன் பகான் அணி விட்டுக்கொடுக்கவில்லை. 2-க்கு 2 என்று ஆட்டம் முடிந்தது.

பெலேயைப் பார்க்கத்தான் ஊர் திரண்டது. காஸ்மாஸ் என்ற சங்கத்தின் மேல் பாசம் வைத்துப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆட்டக்காரரைப் பிடிப்பது வேறு. அணியைப் பிடிப்பது வேறு. போர்ச்சுகல் வீரர் ரொனால்டோ 2009-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு ஸ்பெயினுக்குப் போனார். 2018-ல் இத்தாலிக்குப் போனார். 2021-ல் மான்செஸ்டருக்கே திரும்பினார். பிறகு சவுதி அரேபியாவுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் அவரோடு சேர்ந்து சட்டை மாற்றிய ரசிகர்கள் உலகம் முழுவதும் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. திறமைசாலியை விரும்புவது மனித இயல்பு. ஆனால் அவர்கள் ரொனால்டோவின் ரசிகர்கள். அந்தச் சங்கங்கள் எதற்கும் அவர்கள் சொந்தக்காரர்கள் ஆகமாட்டார்கள்.

ஆட்டக்காரர் போவார், வருவார். கோச்சு மாறுவார். முதலாளி மாறுவார். சட்டையின் தினுசுகூட வருஷா வருஷம் மாறும். இத்தனையும் மாறிய பிறகும் "நம் அணி" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் பிடித்துக்கொண்டிருப்பது எதை?

தோல்வி என்ற உரைகல்

தங்கத்தை உரைத்துப் பார்ப்பது போல ரசிகரை உரைத்துப் பார்க்கத் தோல்வி உதவும்.

லிவர்பூல் அணி 1990-ம் ஆண்டில் இங்கிலாந்து லீக் பட்டம் வென்றது. அடுத்த பட்டம் 2020-ல்தான் கிடைத்தது. நடுவே முப்பது ஆண்டுகள்! 1990-ல் பத்து வயதில் அந்த அணியைப் பிடித்த பையன், அடுத்த பட்டத்தைப் பார்க்கும்போது நாற்பது வயதுக் குடும்பஸ்தன். இடையில் பட்டத்தை வாரிக் குவித்தது பரம வைரியான மான்செஸ்டர் யுனைடெட். அணி மாறியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மாறாமல் இருந்தவர்கள் இங்கிலாந்திலும் இருந்தார்கள், நார்வேயிலும் இருந்தார்கள்.

இன்னொரு உதாரணம் மான்செஸ்டர் சிட்டி. இன்று கோப்பைக்கு மேல் கோப்பை வாங்கும் பணக்காரச் சங்கம். 1998-ல் அது மூன்றாம் படிக்கு இறங்கிக் கிடந்தது. அந்த நிலையிலும் சொந்த மைதானத்து ஆட்டங்களுக்குச் சராசரியாகச் சுமார் 28,000 பேர் வந்தார்கள். 2008-ல் அபுதாபி பணம் வந்தது. 2012-ல் லீக் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் ரசிகர்கள் முளைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் போலி என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு இன்னும் பரீட்சை வரவில்லை, அவ்வளவுதான்.

2005-ம் ஆண்டு மே 25-ந் தேதி துருக்கியில் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். லிவர்பூலும் இத்தாலியின் மிலன் அணியும் மோதின. இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து கால் மணிக்குத் தொடக்கம். அரை நேரத்தில் மிலன் 3, லிவர்பூல் 0. மறுநாள் காலையில் ஷிப்டுக்கோ ஆபீசுக்கோ போக வேண்டியவர் டெலிவிஷனை அணைத்துவிட்டுப் படுத்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அப்படிப் படுத்தவர்கள், இடைவேளைக்குப் பிறகு ஆறே நிமிடங்களில் லிவர்பூல் மூன்று கோல் போட்டதைப் பார்க்கவில்லை. பெனால்டியில் கோப்பையை வென்றதையும் பார்க்கவில்லை.

கடைசிவரை விழித்திருந்தவர்கள் ஜெயிக்கும் என்று தெரிந்து விழித்திருக்கவில்லை. தோற்றாலும் கூட இருப்போம் என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊரின் துக்கம்

வெற்றியைப் பங்கிட எல்லோரும் வருவார்கள். துக்கத்துக்கு வருபவர்தான் உறவு.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஷெபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கோப்பை அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் நின்ற கம்பி அடைப்புக்குள் அளவுக்கு மீறி ஆட்கள் திருப்பிவிடப்பட்டார்கள். நெரிசலில் சிக்கி உயிர் இழந்தவர்கள் தொகை இன்று 97. அத்தனை பேரும் ஆட்டம் பார்க்க வந்த ரசிகர்கள்.

அடுத்த சில நாளில் "தி சன்" என்ற லண்டன் பத்திரிகை, குடித்துவிட்டு ரகளை செய்தது ரசிகர்கள்தான் என்று முதல் பக்கத்தில் போட்டது. அது பொய். லிவர்பூல் நகரம் அந்தப் பத்திரிகையை வாங்குவதை அன்றோடு நிறுத்தியது. கடைக்காரர்கள் பலர் விற்பதை நிறுத்தினார்கள். ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை என்று 2016-ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. இறந்தவர்களின் பெற்றோர்களில் சிலர் அந்த நாளைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள்.

லிவர்பூல் சட்டை போட்ட வெளிநாட்டுக்காரருக்கு இந்தக் கதை தெரியுமா? தெரிந்துகொள்ள முயன்றாரா? 97 என்ற எண்ணைக் கண்டதும் மனம் ஒரு கணம் நிற்கிறதா? எத்தனை கோப்பை என்று ஒப்பிப்பதைவிட இது பெரிய பரீட்சை.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 1958-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தில் அணி வந்த விமானம் பனியில் கிளம்ப முடியாமல் மோதியது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். விபத்து நடந்த இடத்துக்கு அருகே உள்ள சதுக்கத்துக்கு 2008-ல் மான்செஸ்டர் பெயரையே மியூனிக் நகரம் வைத்தது. பிப்ரவரி 6-ந் தேதி ரசிகர்கள் அங்கே கூடி மலர் வைக்கிறார்கள். அவர்களில் ஜெர்மன்காரர்களும் உண்டு. அன்று எந்த ஆட்டமும் இல்லை. கோப்பையும் இல்லை. குளிரில் நின்றுவிட்டுப் போகிறார்கள். அந்த ஜெர்மன்காரரைப் பார்த்து "நீ மான்செஸ்டரில் பிறந்தாயா?" என்று யார் கேட்பார்கள்?

சங்கம் என்பது எது?

டென்னிசுக்குப் பேர்போன விம்பிள்டனுக்கு ஒரு கால்பந்து அணியும் இருந்தது. 1988-ல் லிவர்பூலையே தோற்கடித்துக் கோப்பை வென்ற அணி. அதன் முதலாளிகள் சங்கத்தை அப்படியே பெயர்த்து, சுமார் 90 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். 2002-ம் ஆண்டு மே மாதம் அனுமதியும் கிடைத்தது. அங்கே பெயரையும் மாற்றினார்கள்.

விம்பிள்டன் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கையில் ஆட்டக்காரர் இல்லை, மைதானம் இல்லை. அடுத்த மாதமே ஊர்ப் பொதுத் திடலில் பந்தைப் போட்டு, ஆடத் தெரிந்தவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். வந்தவர்களில் பொறுக்கி எடுத்துப் புதிய அணி அமைத்தார்கள். ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கினார்கள். ஒன்பதே ஆண்டில், 2011-ல், புட்பால் லீக்குக்குள் ஏறி வந்துவிட்டார்கள். 2020-ல் சொந்தப் பேட்டையிலேயே மைதானமும் கட்டிக்கொண்டார்கள்.

2002-ல் விம்பிள்டன் அணிக்கு வெளிநாட்டில் ஒரு ரசிகர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்? பெரிய லீக்கில் ஆடும் ஆட்டக்காரர்கள் மில்டன் கீன்சுக்குப் போய்விட்டார்கள். டெலிவிஷனில் வருவதும் அதுதான். ஒன்பதாம் படி ஆட்டத்தை எந்த டெலிவிஷனும் காட்டாது.

ஆட்டம் பார்க்கத்தான் ரசிகர் என்றால் மில்டன் கீன்ஸ். ஊரும் ஜனமும் சேர்ந்ததுதான் சங்கம் என்றால், எதுவும் பார்க்கக் கிடைக்காத விம்பிள்டன். இந்தக் கேள்விக்கு மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பதில்தான் ஒருவர் யார் என்று காட்டும்.

பணம் கொடுத்தால் சொந்தமா?

"நான் சட்டை வாங்குகிறேன், மாதச் சந்தா கட்டி டெலிவிஷன் பார்க்கிறேன், நானும் ரசிகன்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

பணம் மட்டும் போதும் என்றால், பூனாவைச் சேர்ந்த வெங்கீஸ் கோழி நிறுவனம் பிளாக்பர்னில் எல்லோரையும்விடப் பெரிய ரசிகராக இருந்திருக்க வேண்டும். 1875-ல் தொடங்கி, 1995-ல் லீக் பட்டமும் வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் சங்கத்தை அந்த நிறுவனம் 2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் விலைக்கு வாங்கியது. வாங்கிய இரண்டாவது மே மாதத்தில் அணி மேல் படியிலிருந்து கீழே விழுந்தது. அது உறுதியான ஆட்டத்தில் கோபம் கொண்ட ரசிகர்கள் ஓர் உயிர்க்கோழியைக் களத்துக்குள் விட்டார்கள்! 2017-ல் மூன்றாம் படிக்கும் இறங்கி, மறு ஆண்டு ஏறி வந்தது.

சங்கத்தின் பங்குகளை வாங்கலாம். மைதானத்தின் பத்திரத்தை வாங்கலாம். ஊர் மனசை வாங்க முடியாது. கோடி கொடுத்து வாங்கியவருக்கே அப்படி என்றால், சட்டை வாங்கியதை மட்டும் காட்டி ரசிகர் பட்டம் கேட்க முடியுமா?

அவர்கள் பெயரால்

இதெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும் வெட்டிப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். யார் உண்மையான ரசிகர் என்ற கேள்வியில் இன்று பெரும் பணம் இருக்கிறது.

2022-ல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தத்தில், இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு வெளிநாட்டு டெலிவிஷன்கள் கொடுத்த தொகை உள்நாட்டு டெலிவிஷன்கள் கொடுத்ததை மிஞ்சிவிட்டது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே காது சாயும்.

மூன்று மணி ஆட்டம் பல போய்விட்டன. சனிக்கிழமை பகல் 12.30-க்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு ஒன்று. பகல் 12.30 ஆட்டம் இந்தியாவில் மாலை வேளையில் வரும். நமக்கு வசதிதான். ஆனால் நியூகாசிலில் இருந்து லண்டனுக்குப் போக வேண்டிய ரசிகர் விடியுமுன் ரெயில் ஏற வேண்டும். திங்கட்கிழமை இரவு ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் ஊருக்குத் திரும்பக் கடைசி ரெயிலும் போயிருக்கும். மறுநாள் சம்பளம் கட்.

2008-ம் ஆண்டு பிப்ரவரியில் பிரீமியர் லீக் ஒரு யோசனை சொன்னது. இருபது அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று ஆடினால் 38 ஆட்டம். அதோடு 39-வதாக ஓர் ஆட்டத்தை வெளிநாட்டு நகரங்களில் நடத்தலாம் என்றார்கள். வெளிநாட்டு ரசிகர்களும் பார்க்கட்டுமே என்பது அதற்குச் சொன்ன நியாயம். எதிரியை யாருக்குச் சுலபமாகக் கொடுப்பது, யாருக்குக் கஷ்டமாகக் கொடுப்பது? லீக்கின் சமநீதியே கெட்டுவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. யோசனை கைவிடப்பட்டது.

2021-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி அதைவிடப் பெரிய குண்டு விழுந்தது. இங்கிலாந்தின் ஆறு, ஸ்பெயினின் மூன்று, இத்தாலியின் மூன்று என்று பன்னிரண்டு பணக்காரச் சங்கங்கள் தங்களுக்குள்ளேயே "சூப்பர் லீக்" நடத்தப்போவதாக அறிவித்தன. நிரந்தர உறுப்பினர்கள் எத்தனை தோற்றாலும் கீழே இறங்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களைப் பழைய ரசிகர்கள் என்றும், உலகெங்கும் டெலிவிஷன் பார்ப்பவர்களை எதிர்கால ரசிகர்கள் என்றும் பிரித்துக் கணக்குப் போட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது.

ஊர்க்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் செல்சி அணியின் பஸ்சையே மறித்தார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துச் சங்கங்களும் பின்வாங்கிவிட்டன.

2025-ம் ஆண்டு ஸ்பெயினில் மறுபடியும் அதே கதை. பார்சிலோனாவும் வில்லாரியலும் மோதும் லீக் ஆட்டத்தை அமெரிக்காவின் மியாமி நகரில் நடத்த ஏற்பாடானது. ஸ்பெயின் முழுவதும் ஆட்டக்காரர்கள் ஆட்டம் தொடங்கியதும் 15 விநாடி அசையாமல் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அக்டோபர் மாதம் அதுவும் ரத்தானது.

மூன்று தடவையும் யார் பெயரைச் சொல்லி இது நடந்தது? வெளிநாட்டு ரசிகர்களின் பெயரைச் சொல்லித்தான். அவர்களுடைய ஆசையைக் காட்டி ஊர்க்காரரின் பாத்தியதையைப் பறிக்கப் பார்த்தார்கள். இங்கேதான் கடல் கடந்த ரசிகருக்குக் கடைசிப் பரீட்சை. "என் ஊருக்கே வந்து ஆடட்டும், எனக்கு வசதியான நேரத்தில் ஆடட்டும்" என்று சொல்பவர் வாடிக்கைக்காரர். "என் பெயரைச் சொல்லி அந்த ஊர் ஆட்டத்தைப் பெயர்க்காதே" என்று சொல்பவர் ரசிகர்.

தலைக்கட்டு வரி

வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கு இது புரியாத சங்கதி அல்ல.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மன் கோவில் கொடை. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். பெங்களூரிலோ பம்பாயிலோ வேலை பார்ப்பவருக்கும் வரி உண்டு. அவர் பணம் அனுப்பிவிடுவார். சில வருஷம் லீவு கிடைக்காமல் கொடையைப் பார்க்க முடியாமலும் போகும். ஆனாலும் வரி நிற்காது. வரிச்சிட்டையில் பெயர் இருப்பதால் அவர் ஊர்க்காரர்.

பணம் அனுப்புகிறேன் என்பதற்காக, "எனக்கு லீவு கிடைக்கும் நாளில் கொடை வையுங்கள்" என்று அவர் கேட்கமாட்டார். கொடை நாள் பார்த்து லீவு போடுவார். அனுப்பும் பணம் அதிகம் என்பதற்காக, கோவிலைப் பெயர்த்து நான் இருக்கும் ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லமாட்டார்.

அதே சமயம், உள்ளூரில் இருப்பவரும் "நீ வெளியூர் போய்விட்டாய், உனக்கு இங்கே என்ன?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் மனம் எவ்வளவு புண்படும் என்பது வெளியூரில் இருப்பவருக்குத் தெரியும்.

பிறந்த மண்ணைப் போலவே, பிறக்காத ஒரு மண்ணின் அணியிடமும் இந்த முறையில் உறவு வைக்க முடியும் என்பதைத்தான் நார்வேக்காரர்கள் காட்டுகிறார்கள். கிளைச் சங்கத்தில் சேருவது, சந்தா கட்டுவது, ஊரின் கதையைத் தெரிந்துகொள்வது, அணி கீழே விழுந்தாலும் கூடவே இறங்குவது, ஊர்க்காரர் பேச வேண்டிய இடத்தில் அவரை முன்னே விட்டுப் பின்னால் நிற்பது. இதற்குப் பிறந்த சர்ட்டிபிகேட் தேவையில்லை.

77-வது நிமிடம்

2016-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. லிவர்பூலின் ஆன்பீல்டு மைதானம். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கேலரியில் அதிக விலை டிக்கெட்டை 77 பவுண்டாக்கப் போவதாக அமெரிக்க முதலாளிகள் அறிவித்திருந்தார்கள். தொழிலாளி எப்படிப் போவான்?

அன்றைய ஆட்டம் சண்டர்லாந்து அணியோடு. லிவர்பூல் 2-க்கு 0 என்று முன்னணியில் இருந்தது. கடிகாரம் 77-வது நிமிடத்தைத் தொட்டதும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்த சொந்த அணிக்கு முதுகைக் காட்டி வெளியே நடந்தார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது.

எங்கோ தூர தேசத்தில் டெலிவிஷன் முன்னால் இருந்த ரசிகருக்கு எரிச்சல் வந்திருக்கலாம். "இவர்கள் எல்லாம் என்ன ரசிகர்கள்? பாதியில் எழுந்து போகிறார்களே! ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போயிற்றே!" என்று சத்தம் போட்டிருக்கலாம்.

நாலு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வை வாபஸ் வாங்கினார்கள்.

பாதியில் எழுந்து போன அந்தப் பத்தாயிரம் பேர் அன்று ஒரு வெற்றியை இழந்திருக்கலாம். ஆனால் மறு வருஷமும் அவர்கள் பிள்ளைகள் அந்த கேலரியில் உட்கார இடம் இருந்தது. டெலிவிஷன் முன்னால் இருந்தவர்களில், போன ஆட்டத்துக்காக வருந்தாமல், எழுந்து நடந்தவர்களுக்காகக் கைதட்டியவர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஊர்க்காரர்தான்.